லைன் ஒண்டுதானே

பிறர் மடியில் வைத்த சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டு ரயிலை விட்டு இறங்கிப் போவதில் என்னை மிஞ்சக் கரையோர லைனில் ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. குடையைத் தொலைப்பவனை உலகம் ஏதோ யோசனைக்காரன் என்று மன்னித்துவிடும். சாப்பாட்டுப் பெட்டியைத் தொலைப்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. மத்தியானம் பட்டினி, பின்னேரம் ஏச்சு, அவ்வளவுதான்.

கொழும்பில் ரயிலேறிப் பழகாதவர்களுக்கு முறையைச் சொல்லிவிடுகிறேன். இருக்கை கிடைத்தவர், எதிரே நிற்பவரின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கேட்கத் தேவையில்லை, கையை நீட்டினால் போதும். பெயர் தெரியாத ஒரு பெண்பிள்ளையின் கைப்பையும், கிளாக்கர் ஒருவரின் கோப்பும், கருவாட்டுப் பார்சலும் ஒரே மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோட்டை ஸ்டேஷன் வரை போகும். சட்டத்தில் எங்கும் எழுதாத விஷயம். ஆனால் பையை வாங்க மறுத்தவனை அந்த ரயில் பெட்டி முழுவதும் ஒரு பார்வை பார்க்கும். அதற்குப் பிறகு அவன் பஸ்ஸில் போவதே நல்லது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பின்னேரம், நின்றபடியே ஒரு நாவலை வாசித்துக்கொண்டு வந்தேன். வெள்ளவத்தையில் வாசித்தபடியே இறங்கினேன். வாசித்தபடியே காலி வீதி வரை நடந்தேன். நாவலில் யாரோ சாப்பிட உட்கார்ந்தபோதுதான் என் சாப்பாட்டுப் பெட்டி நினைவு வந்தது. அது அதற்குள் தெஹிவளைக்குப் போய்விட்டது. அது எந்த மடியில் இருந்ததோ, அந்த மடிக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெயரைச் சொல்லமாட்டேன். அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் வாசிப்பார். வாசித்தால் நான் தொலைந்தேன்.

மறுநாள் காலை வெள்ளவத்தையில் ஏறியபோது, தெஹிவளையில் ஏறிய அவர் வாசலருகில் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் சீப்பு. ஒரு கையில் அவருடைய காக்கிப் பை, மற்றதில் என்னுடைய பெட்டி.

"நேற்று பின்னேரம் புத்தகத்தோட நிண்டது நீர்தானே?"

"ஓம்."

"என்ர மடி என்ன உம்மட அலுமாரியோ?"

எனக்கு வெட்கம். வெட்கம் வந்தால் பகிடி விடுவது என் பிறவிக் குணம். "உள்ளுக்கு ஒண்டுமில்லை அண்ணை, வெறும் பெட்டிதான். எறிஞ்சிருக்கலாம்" என்றேன்.

"எறிஞ்சிருக்கலாமோ?" என்றார். அவ்வளவுதான். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், கழுவித் துடைத்து, மறுபடி சுமந்து வந்த மனிதரிடம் அப்படிச் சொல்லக்கூடாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

அன்று பின்னேரம் அவருக்கு யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. நான் பையை நீட்டினேன். எனக்கு இடப்பக்கம் நின்றவரின் பையை வாங்கினார். வலப்பக்கம் நின்றவரின் பையை வாங்கினார். பின்னால் நின்ற ஒரு ஆளின் மரவள்ளிக் கிழங்குச் சாக்கைக்கூட எட்டி வாங்கினார். நாடி வரை பைகள் ஏறின. என் பை மட்டும் அவர் கண்ணில் படவில்லை. மறுநாளும் அப்படியே. ஒரு மாதம் அப்படியே. நான் பை, குடை, பெட்டி, நாவல் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பிடிக்கக் கையில்லாமல், வளைவு வரும்போதெல்லாம் ஊரார் தோளில் சாய்ந்துகொண்டு போய் வந்தேன்.

பிறகு ஒருநாள் கையை நீட்டினார். "தாரும். முடிஞ்சுது."

"என்னண்ணை முடிஞ்சது?"

"உமக்குத் தந்த தண்டனை."

"நான் வேற பெட்டியில ஏறியிருந்தால்?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு. "எங்க போறது, ஐசே? இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம் காலி ரோட். லைன் ஒண்டுதானே. எல்லாரும் வரத்தானே வேணும்."

இதுதான் அவருடைய வேதம். மற்றவர்கள் கர்மவினையிலோ கடைசித் தீர்ப்பிலோ நம்பிக்கை வைப்பதுபோல் அவர் அந்த லைனில் நம்பிக்கை வைத்திருந்தார். தனக்கு ஒருவன் செய்தது எதுவானாலும், செய்தவன் ஒருநாள் அதே தண்டவாளத்தில் தன் முன்னால் வந்து நிற்பான். அவசரப்படத் தேவையில்லை.

பின்னேர ரயிலில் இறால் வடை விற்பவன் ஒருவன் வருவான். ஒருமுறை அவன் இவருக்குக் கொடுத்த வடையில் இறால் இல்லை. கேட்டதற்கு, "சனத்துக்குள்ள இடிபட்டு விழுந்திருக்கும் மாத்தையா" என்றான். இவர் வெறும் வடையைச் சாப்பிட்டார். மறுநாள் தொடங்கினார். வடைக்காரன் பெட்டியின் அந்தக் கோடியில் நிற்கும்போது இந்தக் கோடியிலிருந்து, "வடே!" என்று கூப்பிடுவார். அவன் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஆட்களின் காலை மிதித்து ஏச்சு வாங்கி வந்து சேருவான்.

"இறால் இருக்கோ?"

"இருக்கு மாத்தையா."

"சந்தோசம்" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்ப்பார்.

ஒவ்வொரு பின்னேரமும் இது நடந்தது. வராமல் இருக்கவும் முடியாது. ஒருநாளாவது வாங்கிவிடுவாரோ என்ற ஆசை வியாபாரிக்கு. கடைசியில் அவன் இரண்டு இறால் பதித்த ஒரு வடையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினான். இவர் ஒரு இறாலைக் கிள்ளியெடுத்துக் கூடையில் திரும்பப் போட்டார். "எனக்கு வரவேண்டியது ஒண்டு" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் நல்ல சிநேகம்.

நானும் இந்தக் கலையை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளப் பார்த்தேன். பம்பலப்பிட்டியில் ஏறுகிற ஒரு நீலச் சட்டைக்காரன் என் பெருவிரலை மிதித்துவிட்டு ஒரு 'சொறி'கூடச் சொல்லாமல் போனான். குருவின் முறைப்படி பொறுமையாகக் காத்திருந்தேன். ஒருநாள் நெரிசலில் நீலச் சட்டை அருகில் வந்தது. முழுப் பாரத்தையும் குதிக்காலில் இறக்கினேன். சட்டை அதே நீலம்தான். ஆள் வேறு, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவர் தன் பதிலுக்கு ஒரு மாதமெல்லாம் காத்திருக்கவில்லை.

வீங்கிய கன்னத்தைப் பார்த்து இவர் சொன்னார்: "ஆளைப் பாக்காமல் அடிக்கிறவன் காடையன், ஐசே. நாங்கள் ஆளைப் பாத்துத்தான்."

இனி பாணந்துறைக்காரர் ஒருவர். பாணந்துறையிலிருந்து வரும் சிங்களவர், கோட்டையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. ரயில் அங்கே காலியாக இருப்பதால் காலையில் எப்போதும் இருக்கையோடு வருவார். தெஹிவளையில் இவர் ஏறியதும் காக்கிப் பை அவர் மடிக்குப் போகும். பல வருடப் பழக்கம். சித்திரை வருடப்பிறப்புக்கு அங்கிருந்து கொண்டைப் பலகாரம் வரும். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்குப் போகும். அரைத் தமிழிலும் அரைச் சிங்களத்திலும் கந்தோர்ப் பெரியவர்களைத் திட்டிக்கொண்டே இருவரும் போவார்கள். இவர் பழிவாங்காத ஒரே மனிதர் அவர்தான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். பழிவாங்க அந்த மனிதர் ஒன்றும் செய்யவில்லை, அதுவரை.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கிய காலை நான் ரயிலேறவில்லை. முன்யோசனையால் அல்ல, பல்வலியால். என் உயிரைக் காப்பாற்றியது ஒரு சூத்தைப் பல் என்பதை நான் பெரிய சபைகளில் சொல்வதில்லை.

அவர் ஏறியிருந்தார். அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் பிறகு சொன்னது இது. ரயில் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் நடுவில் நின்றுவிட்டது. பொல்லும் தடியுமாக ஆட்கள் பெட்டி பெட்டியாக ஏறித் தமிழர் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். காக்கிப் பையின் வாயில் வழக்கம்போலத் தமிழ்ப் பத்திரிகை நீட்டிக்கொண்டிருந்தது. பாணந்துறைக்காரர் பையை மடியிலிருந்து தூக்கினார். எதிரே நின்ற இவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு யன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். பை ஒரு கை மாறியதில், அந்தப் பெட்டியில் தமிழன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இவர் கடற்பக்க வாசலால் குதித்தார். பாறைகளுக்குள் எப்படி ஒளிந்தார், முகாமுக்கு எப்படிப் போனார், கப்பலேறி யாழ்ப்பாணம் போனது எப்படி, எதையும் எங்களுக்குச் சொன்னதில்லை. நெற்றியில் இருந்த தையலைப் பற்றிக்கூடச் சொன்னதில்லை. சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "என்ர பையை என்ர கையில தந்தவன்."

நிலைமை அடங்கியதும் திரும்பி வந்தார். அவருடைய தம்பி லண்டனுக்குக் கூப்பிட்டிருந்தான். தெஹிவளையில் பாதிச் சனம் போய்விட்டது. ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"பை குடுக்க வேணும்" என்றார்.

திரும்பி வந்த முதல் நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் நேராக நடந்து, பாணந்துறைக்காரர் முன்னால் நின்று, காக்கிப் பையை நீட்டினார். அந்த மனிதர் அண்ணாந்து பார்த்தார். வாய் திறந்தது. இவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. வாங்கி மடியில் வைத்தார். கோட்டையில் பை திரும்பியது. ஒரு சொல் இல்லை. அன்றிலிருந்து வருடக்கணக்காக அப்படித்தான். பேச்சில்லை, பலகாரமில்லை, பை மட்டும் போய் வந்தது.

நான் இதை மன்னிப்பு என்று நினைத்தேன். இதைப் பற்றி ஒரு கதை எழுதி, நல்லிணக்கம் என்று தலைப்புப் போட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்பவும் செய்தேன். நல்லவேளை, அவர்கள் போடவில்லை.

பாணந்துறைக்காரர் லீவெடுத்த ஒருநாள் அதிசயமாக எனக்கு இருக்கை கிடைத்தது. காக்கிப் பை என் மடிக்கு வந்தது. வந்ததும் என் தொடை மரத்துப்போனது.

"என்னண்ணை இதுக்குள்ள?"

"கல்லு."

"என்ன கல்லு?"

"லைன் கல்லு." தண்டவாளத்துக்கு நடுவே கொட்டியிருக்கும் கருங்கல். தெஹிவளை ஸ்டேஷன் கோடியில் பொறுக்கியதாம். முதலில் ஒன்று போட்டாராம். கொஞ்சநாள் போக இன்னொன்று.

"எதுக்கு?"

குனிந்து என் காதருகில் சொன்னார். "ஒருநாள் அவனுக்கு ஏலாமல் போகும். முழங்கால் நோகும். பையைத் தூக்கித் திருப்பித் தருவான். தருவான்தானே? தந்து பழகினவன். அப்ப எல்லாற்ற முன்னாலயும் கேப்பன். 'மாத்தையா, இண்டைக்கு ஆர் வந்தவங்கள்?' அவ்வளவுதான். வேற ஒண்டும் வேண்டாம்."

அன்று பொல்லோடு வந்தவர்களை நினைவூட்டும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் லண்டன் போகாமல் திரும்பி வந்திருந்தார். சிங்களத்திலும் அதைத் தயாராக வைத்திருந்தார். இலக்கணம் சரியா என்று என்னிடம் சொல்லிக்காட்டினார்.

நான் அப்போதுதான் அவருடைய வலத்தோளைக் கவனித்தேன். இடத்தோளைவிட நன்றாக இறங்கியிருந்தது. பாணந்துறைக்காரர் அந்தப் பாரத்தைத் தெஹிவளையிலிருந்து கோட்டை வரைதான் சுமந்தார், அதுவும் உட்கார்ந்தபடி. இவர் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு, கோட்டையிலிருந்து கந்தோருக்கு, பின்னேரம் மறுபடி வீட்டுக்கு. இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"பழிவாங்கிறதெண்டால் சும்மாவே?" என்றார்.

பிறகு கொழும்பில் குண்டுகள் வெடிக்கத் தொடங்கின. ரயிலில், ஸ்டேஷனில், வீதியில் எங்கும் பை சோதனை. தமிழ் அடையாள அட்டையோடு ஏதாவது விசித்திரமான பொருளும் அகப்பட்டால் ஆளை இறக்கிக் கொண்டுபோவார்கள். எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது, விடுவார்கள் என்றும் சொல்ல முடியாது.

"அண்ணை, கல்லை எடுத்துப் போடுங்கோ."

"கல்லு வெடிக்காது, ஐசே."

ஒரு காலை, கொள்ளுப்பிட்டியில் ரயில் நின்றது. நின்றபடியே நின்றது. ஆமிக்காரர் இரண்டு பேர் எங்கள் பெட்டிக்குள் ஏறினார்கள். பேச்செல்லாம் அடங்கிவிட்டது. நான் கம்பியைப் பிடித்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் அவர். எதிரே பாணந்துறைக்காரர், மடியில் காக்கிப் பை, பையின் வாயில் தமிழ்ப் பத்திரிகை. எல்லாம் அன்று இருந்தபடியே இருந்தது. வந்தவர்கள்தான் வேறு.

நான் என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் பயமில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு ஆவல் இருந்தது. இப்போது தருவான். இதோ தூக்குகிறான். கேள்வி அவர் நாக்கு நுனியில் நின்றது. அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநிமிடம் தன்னைக் கொண்டுபோய்விடுவார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

ஆமிக்காரன் பத்திரிகையைத் தொட்டான். "காகேத மே பேக் எக்க?" யாருடைய பை இது?

பாணந்துறைக்காரர் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மகே" என்றார். என்னுடையது.

ஆமிக்காரன் கையை உள்ளே விட்டான். ஒரு கல் வந்தது. இன்னொன்று வந்தது. பெட்டியே கழுத்தை நீட்டிப் பார்த்தது. கல் எதற்கு என்று கேட்டான். எங்கள் கந்தோர் கடற்பக்கம், மின்விசிறி வேறு, கடதாசியெல்லாம் பறக்கிறது, ஆளுக்கொரு கல் வைக்கலாமென்று கொண்டுபோகிறேன் என்றார் சிங்களத்தில். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அப்போ தமிழ்ப் பத்திரிகை? கல்லைச் சுற்ற எந்தப் பத்திரிகையாக இருந்தாலென்ன, தம்பி?

ஆமிக்காரன் கல்லைப் பார்த்தான், நரைத்த தலையைப் பார்த்தான், சிரித்தான். "அரசாங்கம் இவங்களுக்குப் பென்சனும் குடுக்குது" என்று மற்றவனிடம் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு இறங்கினான்.

ரயில் புறப்பட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கோட்டையில் மேடை முழுவதும் ஆமி. தன் பை என்று சொன்னவர் அதை ஒரு தமிழன் கையில் கொடுக்க முடியாது. பாணந்துறைக்காரர் பையோடு இறங்கினார். நோகிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேம்பாலப் படி ஏறினார். இவர் பின்னால் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன், வேடிக்கைக்கு.

"பையைத் தாரும்!"

அவர் திரும்பவில்லை.

"ஐசே, அது என்ர பை!" வருடக்கணக்கான மௌனத்துக்குப் பிறகு அவரிடம் இவர் பேசிய முதல் வார்த்தைகள் இவை.

அவர் படியில் நின்று மூச்சு வாங்கினார். திரும்பாமலே தமிழில் சொன்னார். "அண்டைக்குத் தந்தது பிழை. இண்டைக்குத் தரமாட்டன்." வாசலால் வெளியேறிச் சனத்துக்குள் போய்விட்டார்.

நான் உருகிப்போய் நின்றேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பக்கத்தில் பார்த்தால் இவர் கொதித்துக்கொண்டு நின்றார்.

"கண்டீரோ? என்ர சாப்பாட்டையும் கொண்டு போட்டான்!"

"அண்ணை, அவர் உங்களைக் காப்பாத்தினவர்."

"ஆர் கேட்டது? திருப்பித் தருவான், தருவான் எண்டு இவ்வளவு காலம் தோள் முறியச் சுமந்தன். இப்ப தரவே மாட்டனெண்டு போறான். வேணுமெண்டே செய்தவன். ஒரு வார்த்தையில என்னை வெண்டிட்டுப் போறான், கள்ளன்."

மறுநாள் தெஹிவளையில் வெறுங்கையோடு ஏறினாராம். நான் வெள்ளவத்தையில் ஏறியபோது காக்கிப் பை வழக்கம்போல அந்த மடியில் இருந்தது. இந்த முறை பாணந்துறையிலிருந்தே வந்திருந்தது. சோதனை எதுவும் இல்லை. கோட்டையில் பை கைமாறியது. இவர் மேடையிலேயே குந்தியிருந்து பையைக் கொட்டினார். சாப்பாட்டுப் பெட்டி கழுவியிருந்தது. கற்களும் கழுவியிருந்தன, தண்டவாளத்துக் கரியும் எண்ணெயும் போய், யாரோ பிரஷ் போட்டுத் தேய்த்ததுபோல் பளபளத்தன. இவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"ஒண்டு குறையுது" என்றார்.

"கந்தோர் மேசையில வைச்சிருப்பார், அண்ணை. கடதாசிக்கு."

இவர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். பல நாட்களாகக் காணாத அந்தச் சிரிப்பு மெல்ல வந்தது. புதிதாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

"வைச்சிருக்கட்டும். எங்க போறது? லைன் ஒண்டுதானே."

அன்று பின்னேரம் இதையெல்லாம் ஒன்று விடாமல் என் மனைவிக்குச் சொன்னேன். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலை இறக்கவேண்டிய இடத்தில் இறக்கி, மேம்பாலப் படியை ஒருமுறை ஏறியே காட்டினேன். அவள் மீன் வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கத்தியை வைத்தாள்.

"நேற்று அவையளுக்குப் பின்னால ஓடேக்க உங்கட சாப்பாட்டுப் பெட்டி ஆற்ற மடியில இருந்தது?"

அது கந்தோரில் இருக்கிறது என்றுதான் முதல்நாள் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அந்த ரெண்டு கிழவரும் ஒரு பைக் கல்லை இத்தனை வருஷமா விடாமல் வைச்சிருக்கினம். உங்களுக்கு ஒரு சாப்பாட்டுப் பெட்டியைக் கோட்டை மட்டும் கொண்டுபோகத் தெரியேல்லை" என்றாள்.